கடல் தாண்டும் கைப்பேசி

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்களை அழைத்துக்கொண்டு இராமேசுவரம் சென்றிருந்தேன். தனுஷ்கோடியைக் கடந்து, நிலம் முடிந்து நீர் மட்டுமே எஞ்சும் அரிச்சல்முனையில் நின்றுகொண்டிருந்தோம். அப்போது மாணவர் ஒருவரின் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தால், இலங்கைக்கு வருக என்று வரவேற்கும் செய்தி! எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு, கடலைப் பத்துப் பன்னிரண்டு படங்கள் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்.

அடுத்த மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. வழக்கமாக வருவதைப்போலப் பல மடங்கு தொகையுடன் கட்டணச் சீட்டு வந்தது. அவருடைய தந்தை தையல் கடை வைத்திருப்பவர். சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்த அம்மாணவர் கேட்டார்: "சார், நான் நம் நாட்டு மண்ணில்தானே நின்றேன்? வெளிநாடு போனதாக எப்படிக் கணக்கு வந்தது?"

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடினால், அயல்நாட்டுக்குப் பயணம் போகிறவர்கள் குறைந்த செலவில் கைப்பேசியைப் பயன்படுத்துவது எப்படி என்பதும் விளங்கிவிடும்.

அலைக்கு எல்லைக்கோடு தெரியுமா?

கைப்பேசி என்பது ஒரு சிறிய வானொலி நிலையம். அது அனுப்புவதும் பெறுவதும் மின்காந்த அலைகளே. நம் நாட்டிலும் இலங்கையிலும் 900 மெகாஹெர்ட்ஸ், 1800 மெகாஹெர்ட்ஸ் ஆகிய அதிர்வெண் பட்டைகள் கைப்பேசிக்குப் பயன்படுகின்றன. ஆகவே ஒரே கருவி இரு கரைகளிலும் வேலை செய்யும்.

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமி உருண்டையாதலால் ஓரளவு தொலைவுக்குமேல் கோபுரம் அடிவானத்தின்கீழ் மறைந்துவிடும். அந்தத் தொலைவைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் அடிவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 50 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு இது 25 கி.மீ. தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் அதற்கு 5 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 30 கி.மீ. வளிமண்டலம் அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால் நடைமுறையில் இன்னும் சிறிது கூடும். இடையில் மரமோ கட்டடமோ இல்லாத கடற்பரப்பு வேறு. அரிச்சல்முனைக்கும் தலைமன்னார்க் கரைக்கும் இடையே உள்ள தொலைவோ 25 முதல் 30 கி.மீ. வரைதான்!

இங்கே வேறொரு தடையும் உண்டு. இரண்டாம் தலைமுறைத் தொழில்நுட்பமான ஜி.எஸ்.எம். முறையில், ஒரே அதிர்வெண்ணை எட்டுக் கைப்பேசிகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 577 மைக்ரோ வினாடி நேரம். தொலைவிலுள்ள கைப்பேசியின் அலை தாமதமாக வந்து சேர்ந்தால் அடுத்தவரின் முறையில் புகுந்து குழப்பும். ஆகவே, "நீ இத்தனை மைக்ரோ வினாடி முன்னதாகவே பேசு" என்று கோபுரம் அதற்குக் கட்டளையிடுகிறது. இதை 63 படிகள்வரைதான் கூட்டலாம். ஒரு படி 3.69 மைக்ரோ வினாடி. மொத்தம் சுமார் 233 மைக்ரோ வினாடி. இந்நேரத்தில் அலை செல்லும் தொலைவு 70 கி.மீ. போகவும் வரவும் என்பதால் பாதி 35 கி.மீ. இதுவே அம்முறையில் சாதாரணக் கோபுரத்தின் எல்லை. நான்காம் தலைமுறை முறையில் இந்த எல்லை 100 கி.மீ. வரை நீளக்கூடும்.

தலைமன்னார்க் கரை இரண்டு எல்லைகளுக்கும் உள்ளேதான் இருக்கிறது. அன்று நம் கரைக் கோபுரத்தின் அலை மங்கி, எதிர்க்கரைக் கோபுரத்தின் அலை ஓங்கிய ஓர் இடத்தில் மாணவர் நின்றிருக்கிறார். கைப்பேசி அதைப் பற்றிக்கொண்டது. நம் காலடி எந்த நாட்டில் இருக்கிறது என்பதை அது கேட்பதில்லை. எந்தக் கோபுரத்தோடு பேசுகிறதோ அந்த நாட்டில் இருப்பதாகவே கணக்கு.

சிம் அட்டை என்னும் அடையாளச் சீட்டு

நம் கைப்பேசியில் நாம் செருகும் சிம் அட்டைக்குள் 15 இலக்கம் கொண்ட ஓர் அடையாள எண் இருக்கிறது. இது நாம் மற்றவர்களுக்குக் கொடுக்கும் தொலைபேசி எண் அன்று. இதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை. இந்தியாவுக்கு 404, 405 முதலியவை. இலங்கைக்கு 413. நேபாளத்துக்கு 429. பூட்டானுக்கு 402. அடுத்து வரும் இலக்கங்கள் எந்த நிறுவனம் என்பதைக் காட்டும். மீதமுள்ளவை வாடிக்கையாளருக்கு உரியவை.

ஒவ்வொரு கோபுரமும் தன் நாட்டு எண்ணையும் நிறுவன எண்ணையும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. கைப்பேசி முதலில் தன் சொந்த நிறுவனத்தின் கோபுரத்தைத் தேடும். கிடைக்காவிட்டால், கிடைத்த கோபுரத்தில் இடம் கேட்கும். ஒருமுறை அயல்நாட்டுக் கோபுரத்தில் பதிந்துவிட்டால், அந்த அலை மங்கும்வரை பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும்.

விருந்தினர் பதிவேடு

வெளியூர் விடுதியில் அறை கேட்டால் என்ன செய்கிறார்கள்? பெயர், ஊர், அடையாளச் சீட்டு எல்லாம் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்கள் அல்லவா? கைப்பேசி நிறுவனங்களும் அப்படியே இரண்டு பதிவேடுகள் வைத்திருக்கின்றன. தன் சொந்த வாடிக்கையாளர்களுக்கு ஒன்று, அது வீட்டுப் பதிவேடு. வந்துபோகிறவர்களுக்கு மற்றொன்று, அது விருந்தினர் பதிவேடு.

இலங்கைக் கோபுரம் 404 என்று தொடங்கும் எண்ணைக் கண்டதும், இந்தியாவிலுள்ள வீட்டு நிறுவனத்தைக் கேட்கிறது: "இவர் உங்கள் ஆள்தானா? இவருக்கு இடம் கொடுக்கலாமா?" வீட்டு நிறுவனம் ஒரு புதிர் எண்ணையும் அதற்கு வரவேண்டிய விடையையும் அனுப்புகிறது. புதிர் எண் மட்டும் கைப்பேசிக்குப் போகும். சிம் அட்டைக்குள் ஓர் இரகசியச் சாவி எண் பொதிந்துள்ளது. அதைக்கொண்டு அட்டை விடையைக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்பும். விடைகள் பொருந்தினால் கதவு திறக்கும். இரகசியச் சாவி கடைசிவரை அட்டையை விட்டு வெளியே வருவதே இல்லை. மிக நேர்த்தியான ஏற்பாடு!

இவ்வாறு அயல் நிறுவனத்தின் கோபுரத்தில் விருந்தாளியாக இருப்பதையே 'ரோமிங்' என்கிறோம். இதற்கு இரு நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தம் வேண்டும். நாடு கடந்த இத்தகைய முதல் ஒப்பந்தம் 1992-இல் பின்லாந்து நிறுவனம் ஒன்றுக்கும் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றுக்கும் இடையே கையெழுத்தாயிற்று.

மாணவரின் புதிர் இப்போது அவிழ்ந்தது. அவர் வைத்திருந்தது வளைகுடா நாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய அண்ணனின் கைப்பேசியும் எண்ணும். அதில் ரோமிங் வசதி முன்பே திறந்துவிடப்பட்டிருந்தது. கருவியிலும் அயல்நாட்டில் இணையத்தைப் பயன்படுத்தும் அமைப்பு அணைக்கப்படாமல் இருந்தது. உடன்வந்த மற்ற மாணவர்களுக்கு அந்த வசதி இல்லாததால் அவர்கள் தப்பினார்கள்.

கட்டணம் ஏன் கூடுகிறது?

தொலைவு அதிகம் என்பதாலா? இல்லை. சென்னையிலிருந்து தில்லிக்குப் பேசும்போது நம் குரல் ஈராயிரம் கிலோமீட்டருக்கும் மேலே பயணம் செய்கிறது. தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே 2006 முதல் கடலடி ஒளியிழை வடம் கிடக்கிறது. அதன் நீளம் 300 கி.மீ.க்குச் சற்று மேல்தான். ஒளியிழையில் ஒளி வினாடிக்கு இரண்டு இலட்சம் கி.மீ. செல்லும். அவ்வடத்தைக் கடக்க அதற்கு இரண்டு மில்லி வினாடிகூட வேண்டாம்.

காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ரோமிங்கில் நாம் இணையத்தைத் திறந்தால், தரவு வழக்கமாக இலங்கைக் கோபுரத்திலிருந்து இந்தியாவிலுள்ள வீட்டு நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்துதான் உலக இணையத்துக்குப் போகிறது. விருந்தளிக்கும் நிறுவனம், இடையில் சுமந்து செல்லும் நிறுவனம், வீட்டு நிறுவனம் ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்கை வாங்கிக்கொள்கிறது.

நமக்கு வரும் அழைப்புக்கும் கட்டணம் ஏன் என்று பலர் கேட்பதுண்டு. மதுரையிலுள்ள நண்பர் நம் இந்திய எண்ணை அழைக்கிறார். நாம் கண்டியில் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் உள்நாட்டு அழைப்புக்கான கட்டணத்தையே கொடுக்கிறார். இந்தியாவிலிருந்து கண்டிவரை அழைப்பைக் கொண்டுவரும் செலவு நம் தலையில் விழுகிறது.

இந்தக் கூடுதல் விலை இயற்கை விதித்தது அன்று என்பதற்குச் சான்று உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2017 சூன் 15 அன்று, பயணிகளிடம் வாங்கிவந்த ரோமிங் கூடுதல் கட்டணம் நீக்கப்பட்டது. முந்தின நாள் இருந்த அதே கோபுரங்கள், அதே அலைகள். சட்டம் மட்டும் மாறியது. நம் நாட்டுக்குள்ளேயே மாநிலம் தாண்டினால் தனிக்கட்டணம் கொடுத்த காலத்தைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இன்று அது இல்லை. தென்னாசிய நாடுகளுக்கிடையே இத்தகைய பொது ஏற்பாடு இல்லாததால், பயணியே வழி கண்டுகொள்ள வேண்டியுள்ளது.

மூன்று வழிகள்

அதே மாணவர் இவ்வாண்டு மீண்டும் என்னிடம் வந்தார். அவருடைய குடும்பம் 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுள் ஒன்று. அத்தை மட்டும் அங்கேயே வாழ்க்கைப்பட்டுத் தங்கிவிட்டார். அத்தை மகளுக்கு ஹட்டனில் திருமணம். எல்லோரும் புறப்படுகிறார்கள். ஆனால் எண்பது வயதுப் பாட்டியால் பயணம் செய்ய இயலாது. "பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதைப் பாட்டி பார்க்க வேண்டும், சார். போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாது" என்றார்.

அவருக்கு நான் சொன்ன மூன்று வழிகள் இவை.

முதல் வழி, வீட்டு நிறுவனத்தின் ரோமிங் திட்டத்தை முன்கூட்டியே வாங்கிச் செல்வது. எண் மாறாது, இறங்கியவுடன் வேலை செய்யும். இரண்டொரு நாள் பயணத்துக்கும், எந்நேரமும் தம் எண்ணில் கிடைத்தாக வேண்டியவர்களுக்கும் ஏற்றது. ஆனால் விலை பெரும்பாலும் நாள் கணக்கில் ஏறும். திட்டம் எதுவும் வாங்காமல் ரோமிங்கைப் பயன்படுத்துவதுதான் எல்லாவற்றிலும் அதிகச் செலவு.

இரண்டாம் வழி, அந்நாட்டுச் சிம் அட்டையை வாங்கிக்கொள்வது. கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெளியே வரும் இடத்திலேயே டயலாக், மொபிட்டெல் முதலிய நிறுவனங்களின் விற்பனை மேசைகள் உள்ளன. கடவுச்சீட்டைக் காட்டினால் பயணிகளுக்கான அட்டை கிடைக்கும். நகரக் கடைகளிலும் வாங்கலாம். இப்போது நம் கைப்பேசி 413 என்று தொடங்கும் எண்ணுடன் உள்ளூர் ஆளாகிவிடுகிறது. விருந்தினர் பதிவேடு இல்லை, மூவர் பங்கும் இல்லை. ஒரு வாரத்துக்கான தரவும் சில நூறு இந்திய ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

சில புதிய கைப்பேசிகளில் அட்டையே இல்லாமல், கருவியில் பதிந்துள்ள சில்லில் சிம் விவரங்களை இணையம் வழியே இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. இதை 'இ-சிம்' என்பார்கள். புறப்படுமுன்பே வாங்கிவிடலாம். எனினும் இதை விற்போரில் பலர் இடைத்தரகர்கள். உள்ளூர் அட்டையின் விலையோடு ஒப்பிட்ட பிறகே வாங்குவது நல்லது.

மூன்றாம் வழி, விடுதியிலும் உறவினர் வீட்டிலும் உள்ள வைஃபை இணைப்பைப் பயன்படுத்துவது. செலவில்லை. ஆனால் வழியில் கைகொடுக்காது. பொது இடத்து வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறப்பதைத் தவிர்க்க வேண்டும்.

எவ்வளவு தரவு தேவை?

திட்டம் வாங்குமுன் தேவையைக் கணக்கிட வேண்டும். இணையம் வழியே குரலை மட்டும் அனுப்ப, வினாடிக்குச் சுமார் 32 கிலோபிட் போதும் எனக் கொள்வோம். போகவும் வரவுமாக 64 கிலோபிட். ஒரு நிமிடத்துக்கு 60 ஆல் பெருக்கி, 8 பிட் ஒரு பைட் என்பதால் 8 ஆல் வகுத்தால் 480 கிலோபைட், அதாவது ஏறக்குறைய அரை மெகாபைட். ஒரு மணி நேரப் பேச்சுக்கு 30 மெகாபைட் போதும்.

படத்துடன் பேச ஒரு திசையில் வினாடிக்கு 500 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், இரு திசைக்கும் நிமிடத்துக்கு ஏழரை மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 450 மெகாபைட். பாட்டி திருமணத்தைப் பார்க்க இதுவே தேவை.

திட்டம் இல்லாத ரோமிங்கில் ஒரு மெகாபைட்டுக்கு 50 ரூபாய் என்று ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டால், அந்த ஒரு மணி நேரத்துக்கு 22,500 ரூபாய் ஆகும்! உள்ளூர் அட்டையிலோ அது வாரத் தரவின் ஒரு பகுதியாகக் கழிந்துவிடும். பாட்டி ஒரே முகத்தைத்தான் பார்க்கப்போகிறார். எந்தப் பதிவேட்டின் வழியே பார்க்கிறார் என்பதில்தான் இத்தனை வேறுபாடு.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, கைப்பேசி ஒரே நிறுவனத்தின் அட்டைக்கு மட்டும் பூட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டில் தவணைமுறையில் வாங்கிய கருவிகளில் இப்பூட்டு இருக்கக்கூடும். வேறொரு நிறுவனத்தின் அட்டையைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவதாக, இரண்டு சிம் அட்டை கொள்ளும் கருவியானால், இந்திய அட்டையை எடுத்துவிட வேண்டாம். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் அதில்தான் வரும். பெரும்பாலான திட்டங்களில் ரோமிங்கில் வந்து சேரும் குறுஞ்செய்திக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த அட்டைக்கு அயல்நாட்டு ரோமிங் வசதி திறக்கப்பட்டிருந்தால்தான் அது கோபுரத்தில் பதியும். நம் நிறுவனத்தைக் கேட்டு, இவ்விரண்டையும் இங்கேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, அமைப்புகளில் சென்று, இந்திய அட்டைக்குத் தரவு ரோமிங்கை அணைத்துவிட வேண்டும். இணையத்துக்கு இலங்கை அட்டையை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். நாம் தொடாவிட்டாலும் கைப்பேசி தானாகவே செயலிகளைப் புதுப்பிக்கும், படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்பும். மாணவரின் கட்டணச் சீட்டில் அவர் அனுப்பிய படங்களைவிட இவை தின்ற தொகையே மிகுதி.

நான்காவதாக, இந்திய எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுக்காமல், இணையம் வழியே திருப்பி அழைக்கலாம். அழைப்பை வேறு இந்திய எண்ணுக்குத் திருப்பும் அமைப்பு இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அழைப்பு இலங்கைவரை வந்து மீண்டும் இந்தியா திரும்பும். போக்குக்கும் வரவுக்கும் இரட்டைக் கட்டணம் விழக்கூடும்.

ஐந்தாவதாக, வாட்ஸ்அப் போன்ற செயலிகள் புதிய அட்டையைக் கண்டதும் எண்ணை மாற்றவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பழைய எண்ணிலேயே அவை தொடர்ந்து வேலை செய்யும்.

பயணமே போகாமல் தனுஷ்கோடிபோன்ற கரையோரத்தில் நிற்பவர்களுக்கும் ஒரு சொல். அமைப்புகளில் வலையமைப்பைத் தானாகத் தேடும் முறையை மாற்றி, நம் நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுத்து வைத்துவிட்டால், கைப்பேசி எதிர்க்கரைக்குத் தாவாது. தரவு ரோமிங்கை அணைத்து வைப்பது எப்போதும் நல்லது.

திருமணம் நல்லபடியாக நடந்தது. மாணவர் கட்டுநாயக்கவில் ஒரே ஓர் அட்டை வாங்கினார். அதன் இணைப்பையே குடும்பத்தார் எல்லோருக்கும் வைஃபையாகப் பகிர்ந்தளித்தார். முகூர்த்த நேரத்தில் மலைச்சரிவில் அலை சற்று மங்க, மண்டபத்துச் சன்னலோரம் போய் நின்றுகொண்டாராம். பாட்டி இங்கே தையல் கடை மேசைமேல் நிறுத்தி வைத்த கைப்பேசியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் மகளிடமும் பேசினார்.

ஊர் திரும்பியதும் மாணவர் கணக்கைக் கொண்டுவந்து காட்டினார். பாட்டி பார்த்த நேரத்துக்கு ஆன தரவு நாங்கள் போட்ட கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஏன் என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: "பாட்டி முதலில் அரைமணி நேரம் காமிராவைக் கையால் மூடிக்கொண்டே பார்த்திருக்கிறார், சார். இருட்டை அனுப்புவதற்கு எத்தனை பிட் வேண்டும்?"

படத்தில் மாற்றம் இல்லாதபோது அனுப்ப வேண்டிய தரவும் குறைந்துவிடும். அது எப்படி என்பது தனிக் கட்டுரைக்கு உரிய செய்தி. அந்தக் கேள்வியை இம்முறை மாணவரே கேட்டு, விடையையும் அவரே கண்டுவிட்டார் என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி.